ஆறு பல் நேரம்

அந்த எந்திரம் பம்பாயிலிருந்து வந்து இறங்கியபோது அதற்குக் கை இருந்தது, புத்தி இல்லை. அய்யாதுரை முதலாளி அப்படித்தான் சொன்னார். தீப்பெட்டியின் மேல் லேபிள் ஒட்டுகிற எந்திரம். பழைய இரும்புக் கடையில் கண்ணில் பட்டதை லாரியில் ஏற்றித் திருத்தங்கலில் இருந்த தன் கம்பெனிக்குக் கொண்டுவந்துவிட்டார். சாக்கைப் பிரித்துப் பார்த்தால், கையை ஆட்டிவைக்கும் சக்கரத்தைக் காணோம். வருடம் ஐம்பத்தெட்டு. வெளிநாட்டு உதிரிச் சாமானுக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிப்போட்டால் பதில் வருவதற்குள் எந்திரமே துருவாகிவிடும்.

“ஏலே ஊர்க்காவலா, இதுக்கு ஒரு புத்தி செஞ்சு வையிலே.”

ஊர்க்காவலன் அந்தக் கம்பெனியின் லேத்துக்காரன், இரும்பைக் கடைகிறவன். இருந்த ஒரே லேத்துக்கு ஒரே ஆள். ஆமத்தூர்க்காரன், வீட்டில் எல்லாரும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். இவன் மட்டும் விருதுநகரில் பருத்தி அரைக்கும் ஆலைக்கு எண்ணெய் விடப் போய், லேத்துக்குப் பின்னால் நின்று பார்த்தே தொழிலைப் படித்துக்கொண்டு வந்தான். பேச்சு அவ்வளவாக வராது. முதலாளி என்ன சொன்னாலும் “பாப்போம்” என்பான். பார்த்துவிட்டு வந்து முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. இடையில் இன்னொரு வார்த்தை அவனிடம் கிடையாது.

காணாமல் போன சக்கரம் வட்டமானதல்ல. அதன் விளிம்பு ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் இருக்கவேண்டும். விளிம்பின்மேல் ஒரு சின்ன உருளை உட்கார்ந்து ஓடும். மேடு வந்தால் எந்திரத்தின் கை எழும்பும். பள்ளம் வந்தால் இறங்கும். ஏற்றமும் இறக்கமும் இல்லாத இடத்தில் அசையாமல் நிற்கும். விளிம்பில் எதை வெட்டிவைக்கிறோமோ அதைக் கை செய்துகொண்டே இருக்கும், சக்கரம் தேயும்வரை.

வெட்டுவதற்கு ஊர்க்காவலன் ஒரு வழி கண்டுபிடித்தான். லேத்தில் எழுபத்திரண்டு பல் உள்ள சக்கரம் ஒன்று இருந்தது. அதை ஒரு பல் தள்ளி நிறுத்தினால் இரும்புத் தகட்டில் ஒரு கோடு. இன்னொரு பல், இன்னொரு கோடு. இப்படி எழுபத்திரண்டு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் விளிம்பு எவ்வளவு உயரம் என்று ஓர் எண். எழுபத்திரண்டு எண்ணும் கிடைத்துவிட்டால் மிச்சம் அரத்தின் வேலை. எண்களுக்குத்தான் எங்கே போவது? கை எப்படி அசையவேண்டும் என்று சொல்ல வரைபடமும் இல்லை, ஆளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் அவன் மனைவி மாரித்தாய் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வாங்கிவந்து செய்கிற வேலை. பச்சைக் கிளி படம் போட்ட லேபிள். ஊர்க்காவலன் கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு நட்டை நூலில் கட்டி ஆணியில் தொங்கவிட்டு ஆட்டினான். நோட்டும் பென்சிலுமாக அவள் எதிரே உட்கார்ந்தான். நட்டு ஆடுவதை எண்ணிக்கொண்டே அவள் கையைப் பார்த்தான்.

“என்ன, இந்த முறை முறைக்கீக?”

“கையப் பாக்கேன்.”

“கலியாணம் முடிஞ்சு எட்டு வருசம் களிச்சா? முன்னமே பாத்திருந்தா வேற ஆளத் தேடியிருப்பீகளே. பசையும் நானுமால்ல இருக்கேன்.”

“பேசாத. பேசுனா கை மாறுது.”

அவள் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பை மூடத் தெரியவில்லை. லேபிளை எடுத்தாள், பசையில் தொட்டாள், திருப்பினாள், பெட்டியில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினாள். அழுத்திய விரல் உடனே எழவில்லை. ஒரு கண்ணிமைப்பு நேரம் அப்படியே நின்றது. பிறகுதான் எழுந்தது. பத்துப் பெட்டி பார்த்தான், பத்திலும் நின்றது.

“அங்கன ஏன் நிப்பாட்டுத? பசை பிடிக்கவா?”

“எங்கன?”

“அழுத்திட்டு, விடாம நிக்கியே.”

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. இன்னொரு பெட்டியை எடுத்து ஒட்டி, தன் விரலைத் தானே பார்த்தாள். “ஆமா நிக்கேன்” என்றாள். “கிளி மூஞ்சியப் பாக்கேன் போலருக்கு. எந்தெந்த ஊருக்குப் போகப்போகுதோ. போறதுக்கு முன்னால ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டு அனுப்புறது. அதையும் நோட்டுல எழுதுதீகளா?”

எழுதினான். நாற்பத்தொன்றாம் பல்லிலிருந்து நாற்பத்தாறாம் பல் வரைக்கும் ஒரே எண்.

சக்கரம் வெட்டி முடிக்க ஒரு மாதமாயிற்று. பூட்டி ஓடவிட்டபோது கம்பெனியே கூடி நின்றது. இரும்புக் கை இறங்கி லேபிளைத் தொட்டது, பசைக்குப் போனது, பெட்டியில் வைத்து அழுத்தியது, கொஞ்சம் நின்றது, எழுந்தது. முதலாளி ஒரு பெட்டியை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். லேபிள் வரவில்லை. “லேய், பொம்பளைக மாதிரியே ஒட்டுதுலே!” என்றார். ஊர்க்காவலன் பட்டும்படாமல் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து சொன்னபோது மாரித்தாய், “அப்ப எனக்குச் சம்பளம் எங்க?” என்று கேட்டுவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

அறுபத்தொன்று ஐப்பசியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள்தான் இருந்தாள். பிள்ளை இல்லை. போட்டோவும் இல்லை, ஆனைக்குட்டத்துத் திருவிழாவில் படம் பிடிப்பவன் ஒருவன் கூப்பிட்டபோது, இந்தச் சேலையோடு வேண்டாம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து வேலைக்கு வந்த அன்றைக்கு ஊர்க்காவலன் எண்ணெய்க் குப்பியோடு லேபிள் கொட்டகைக்குள் போனான். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கை இறங்கியது, அழுத்தியது, நின்றது.

ஊர்க்காவலனும் நின்றான்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அந்த எந்திரத்துக்கு எண்ணெய் விடுவது அவன் வழக்கமாயிற்று. தேவைக்கு மேலே விட்டான். சங்கையா மேஸ்திரி, “ஏன்ப்பா, இது எந்திரமா, தலைமுழுக்காட்டுற பிள்ளையா?” என்று கேலி செய்தார். ஊர்க்காவலன் இன்னும் ஒரு சொட்டு விட்டான். மனிதர்களில் யாரிடமும் அந்த நிறுத்தம் இல்லை. மற்ற பெண்கள் ஒட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். வைத்த கையோடு எடுத்துவிடுவார்கள். அவள் சிரிப்பு எப்படி இருந்தது என்பதுகூட மூன்று வருஷத்தில் மங்க ஆரம்பித்திருந்தது. இது மட்டும் மங்கவில்லை. நிமிஷத்துக்குப் பதினைந்து முறை, இரும்பு அதை மறக்காமல் செய்துகொண்டிருந்தது.

அறுபத்துநாலில் வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் வந்தது. முதலாளி கொட்டகைக்கு வந்து எந்திரத்தின் முன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஏலே, இந்தக் கை அங்கன போயி என்னத்தலே யோசிக்கிது?”

ஊர்க்காவலன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். “பசை பிடிக்க நேரம் வேணும் மொதலாளி.”

“அது பழைய பசைக்கு. இப்ப வந்திருக்கிறது தொட்டா விடாது. அந்த யோசனைய வெட்டி எடுத்துட்டு வேகத்தக் கூட்டு.”

“சக்கரத்த மறுபடி வெட்டுனா தாங்காது. ஓட்டத்துல வெடிச்சிரும்.”

பொய். முழுப் பொய். விளிம்பு முழுவதையும் ஒரு சுற்று இறக்கி வெட்டினாலும் அந்தத் தகடு இன்னும் இருபது வருஷம் ஓடும். முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நீ சொன்னா சரிதான்” என்று போய்விட்டார். ஊர்க்காவலன் லேத்துக்குத் திரும்பி வந்து, கையிலிருந்த வேலையை அளந்தான். அளவு தப்பியது. மறுபடி அளந்தான். மறுபடியும் தப்பியது.

எந்திரத்தில் பெட்டி வைக்கிறவள் முருகம்மாள். ஆமத்தூர்தான், அவன் தெருவுக்கு அடுத்த தெரு. பிள்ளை பெற்று மூன்று மாதத்தில் வேலைக்கு வந்திருந்தாள். ஆர்டர் வந்ததிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை பெட்டி என்று கணக்கை ஏற்றிவிட்டார்கள். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கலாம். முடிக்கும்போது ஆறரை. ஆமத்தூர் பஸ் ஆறு மணிக்கே போய்விடும். ஒரு மத்தியானம் ஊர்க்காவலன் எண்ணெய் விடும்போது பார்த்தான். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பால் கட்டிக்கிடுதுண்ணே,” என்றாள் தலையைக் குனிந்தபடி. “அங்கன பிள்ளை மாமியா கையில கத்திக்கிட்டு கெடக்கும். நேத்து நடந்து போய்ச் சேரையில அளுது அளுது தூங்கிருச்சு.”

அவன் எண்ணெய்க் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கோவிக்காதீக, நீங்க செஞ்ச எந்திரம்,” என்றாள் முருகம்மாள். “இந்தக் கை ஒவ்வொரு பெட்டிக்கும் இப்பிடி நிக்கிதுல்ல, அப்பல்லாம் நான் மனசுக்குள்ள ‘விடு, விடு, விட்டுத் தொலை’ன்னு கத்திக்கிட்டே இருப்பேன். காலையிலயிருந்து சாயங்காலம் வரைக்கும் அதே பொளப்பு.”

கை இறங்கியது. அழுத்தியது. நின்றது. முதல் தடவையாக ஊர்க்காவலன் அந்த எந்திரத்தை விட்டு முருகம்மாளின் முகத்தைப் பார்த்தான். உதடு அசையாமல் அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

லேத்துக்கு வந்து கரித்துண்டால் சுவரில் கணக்குப் போட்டான். எழுபத்திரண்டில் ஆறு, பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒன்பது மணி நேர வேலையில் முக்கால் மணி. ஆறரைக்கு முடிவது ஐந்தே முக்காலுக்கு முடியும். வேறு எப்படிப் போட்டாலும் அதே கணக்குத்தான் வந்தது.

மறுநாள் முதலாளியிடம் போனான். “சக்கரம் வெடிக்கும்னு சொன்னது பொய் மொதலாளி.”

அய்யாதுரை நிமிர்ந்து பார்த்தார். “எதுக்குலே?”

ஊர்க்காவலன் வாயைத் திறந்தான். கிளி, மூஞ்சி, ஐப்பசி மாதம், எதை முதலில் சொல்வது? சொன்னால் இந்த மேஜைக்கு முன்னால் அது என்னவாகும்? “ரெண்டு நாள்ல வெட்டித் தந்திருதேன்” என்றான்.

முதலாளி திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் சொல்கிற எதையும், “சங்கையா, நீயும் ஒருக்கா பாத்துச் சொல்லு” என்று மேஸ்திரியிடம் கேட்கத் தொடங்கினார். அது அவர் இருந்தவரைக்கும் மாறவில்லை.

சர்க்கார் அளந்து கொடுக்கும் இரும்புக் கோட்டாவில் புதுத் தகட்டுக்கு இடமில்லை. அதே சக்கரத்தைத்தான் வெட்டவேண்டும். கழற்றி லேத்தில் பூட்டினான். வெட்டுமுன் பழைய நோட்டை எடுத்து நாற்பத்தொன்றாம் வரியைப் பார்த்தான். ஒரே எண், ஆறு தடவை. திருப்பித் திருப்பிப் படித்தான். அதில் அவள் இல்லை. தன் பெருவிரலை மேஜையில் அழுத்தி, நிறுத்தி, எடுத்துப் பார்த்தான். ஒரு தடவை நேரம் கூடிப்போயிற்று, ஒரு தடவை குறைந்துபோயிற்று. எழுபத்திரண்டு எண்ணையும் புதிதாகப் போட்டான், நிற்கிற இடம் இல்லாமல். பிறகு அரத்தை எடுத்தான். முதல் நாள் ஐம்பது பல் முடிந்தது. மறுநாள் மிச்சம். அரப்பொடி கரும்பொடியாக அவன் பாதத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

பூட்டி, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டான். கை இறங்கி அழுத்திய கையோடு எழுந்தது.

“யம்மாடி, பறக்குதுண்ணே!” என்றாள் முருகம்மாள்.

அன்றைக்கு ஐந்தே முக்காலுக்குப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே முருகம்மாள் முந்தானையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஊர்க்காவலன் கொட்டகையில் தனியாக இருந்தான். ஒட்டிய பெட்டிகள் மூன்று கூடை நிறைய இருந்தன. முதல் கூடையைத் தரையில் கவிழ்த்தான். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, லேபிளின் நாலு மூலையையும் நகத்தால் நெம்பிப் பார்த்தான். ஒன்று உரிந்தால் போதும். ஒரே ஒன்று உரிந்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றிருப்பான்.

சங்கையா வாசலில் வந்து நின்றார். “என்னத்தத் தேடுத?”

“ஒண்ணுமில்ல.”

மூன்றாவது கூடையும் முடிந்தது. எல்லாம் நன்றாகப் பிடித்திருந்தன. ஊர்க்காவலன் பெட்டிகளைத் திரும்பக் கூடையில் அள்ளிப்போட ஆரம்பித்தான்.