படத்தில் நான் போடாத ரெசிஸ்டர்

ஒரு கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. டிராயிங்கில் ஏதாவது ஒரு பார்ட்டை விட்டுவிடும்படி முதலாளி சொன்ன அன்று, "எதையும் விட முடியாதுங்க சார்" என்ற நாலு வார்த்தை என் வாயில் ஏன் வரவில்லை?

கோவையில் எல்.இ.டி. விளக்கு செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக ஒன்பது வருடமாக இருக்கிறேன். கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மகள் மித்ராவுக்கு நாலு வயது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் உள்ள பேட்டன்ட் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், படித்தால் நல்லது என்று தோன்றியது.

1. மங்கி எழும் விளக்கு

எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டாரைப் போட்டால் வீட்டு விளக்குகள் ஒரு நொடி மங்கி எழும். பல்லடத்தில் தறி ஓடும் தெருக்களில் நாள் முழுவதும் இதே கதைதான். பெரிய விளக்குகளில் இதற்கு வழி உண்டு. பிளக்கிலேயே செருகும் சின்ன விளக்கில் கிடையாது. அதற்குள் ஒரு கெப்பாசிட்டர், நாலு டையோடு, சில எல்.இ.டி., அவ்வளவுதான் இருக்கும். வோல்டேஜ் இறங்கினால் வெளிச்சமும் இறங்கும்.

மகப்பேறு விடுப்பில் இருந்தபோது, விளக்கு மங்கும்போதெல்லாம் பாப்பா சிணுங்குவதாக எனக்குத் தோன்றும். உண்மையில் சிணுங்கினாளா என்று தெரியாது. வோல்டேஜ் இறங்கும் அந்த நொடியில் மட்டும் இன்னொரு கெப்பாசிட்டர் வந்து சேர்ந்துகொண்டால் என்ன என்று அப்போதுதான் யோசித்தேன். வேலைக்குத் திரும்பியதும் சர்க்யூட் போர்டில் செய்து பார்த்தேன். முதலாளி டெஸ்ட் பெஞ்சில் நின்று வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே வந்தார். விளக்கு அசையவில்லை.

"அட, கண்ணச் சிமிட்ட மாட்டேங்குதே! அம்மணி, இதுக்குப் பேட்டன்ட் போட்டுப்போடலாம்," என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொன்னேன்.

2. ஒரு பார்ட்டை விட வேண்டும்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போர்டு வெளியே போகுமுன் அதில் உள்ள ஐ.சி. என்ற சிப்பின் மேல் இருக்கும் நம்பரைச் சின்ன கிரைண்டரால் தேய்த்துவிடுவோம். யாராவது வாங்கிப் பிரித்துப் பார்த்தாலும் அது என்ன ஐ.சி. என்று தெரியக் கூடாது. நானும் ஆயிரக்கணக்கில் தேய்த்திருக்கிறேன். அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததில்லை.

பேட்டன்ட் டிராயிங்கை முதலாளி அதே கண்ணோடுதான் பார்த்தார்.

"இத அப்படியே குடுத்தா, பேட்டன்ட் ஆபீசுல நெட்ல போட்டுருவாங்க. எவன் வேணாலும் பாக்கலாம். அடுத்த மாசமே டவுன்ஹால் கடைகள்ல காப்பியடிச்ச வெளக்கு பொட்டி பொட்டியா வந்து எறங்கும். ஏதாச்சும் ஒரு பார்ட்ட விட்டுப்போடு, அம்மணி."

"எந்தப் பார்ட்டுங்க சார்?"

"அத நீயே பாத்துக்க. ஐ.சி. நம்பரத் தேய்க்கறமில்ல? அந்த மாதிரிதான்."

இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டாவது கெப்பாசிட்டரை விட்டால் கண்டுபிடிப்பே இல்லை. அதைச் சேர்த்துவிடும் ஸ்விட்சிங் பகுதியை விட்டால் விளக்கு நாங்கள் எழுதிய மாதிரி வேலை செய்யாது. அப்புறம் நான் கையெழுத்துப் போடுவது பொய்யாகிவிடும். கையெழுத்து விஷயத்தில் எனக்கு எப்போதும் பயம் அதிகம். கடைசியில், இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், எழுதியதெல்லாம் உண்மையாகவே இருக்கும் என்ற ஒரே ஒரு பார்ட் கண்ணில் பட்டது. பிளீடர் ரெசிஸ்டர்.

விளக்கைப் பிடுங்கிய பிறகும் முதல் கெப்பாசிட்டருக்குள் கரண்ட் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதை ஓரிரு நொடியில் வடித்துவிடுவதுதான் அந்த ரெசிஸ்டரின் ஒரே வேலை. வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிடுங்கும் கைக்காக மட்டும் அது இருக்கிறது.

அதை அழித்தேன். பொய்யும் சொல்லவில்லை, முதலாளி சொன்னதையும் செய்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தது. நாங்கள் விற்கும் விளக்கில் அது இருந்தது. இப்போதும் இருக்கிறது.

3. முயல்

எங்கள் கம்பெனி விளக்கு ஒன்று வீட்டில் இருந்தது. வெள்ளகோவிலில் இருக்கும் நாத்தனார் அதைக் கேட்டு எடுத்துப்போனார். அதற்குப் பதிலாக என் வீட்டுக்காரர் கடைவீதியிலிருந்து முயல் வடிவத்தில் ஒரு விளக்கு வாங்கி வந்தார். மோட்டார் போட்டாலும் மங்காது என்று பெட்டியில் எழுதியிருந்தது. பார்த்ததும் திறந்து பார்த்திருக்க வேண்டும். அன்று துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து, காலை நேரம். அவர் சுவிட்சை அணைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார். ஸ்கூலுக்கு முயலையும் கூட்டிப்போக வேண்டும் என்று மித்ரா பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி விளக்கைப் பிடுங்கினாள். நான் சமையலறையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டது. அதோடு ஸ்டூல் விழும் சத்தம்.

தாடையிலிருந்து ரத்தம். விளக்கு ஓரமாகக் கிடந்தது.

"அம்மா, முயல் கடிச்சிருச்சு," என்றாள்.

அவர் ஓடி வந்து சுவிட்சையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஆஃப் பண்ணிப்போட்டுத்தான் போனேன், கண்ணு. பாரு, ஆஃப்லதான் இருக்குது. செவுத்துலயும் இல்ல, கையில இருந்துது. அப்புறம் எப்படி ஷாக் அடிக்கும்?"

எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். தாடையில் இரண்டு தையல். விரலில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். நான் மூன்றாவது முறையும் கேட்டேன்.

4. பதினேழாம் எண்

மித்ரா தூங்கிய பிறகு, மதியம், விளக்கைத் திறந்தேன். பிளீடர் இல்லை. மலிவு விளக்குகளில் அதைப் போடாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். என் டிசைனாகவே இருந்தாலும், மிச்சம் பிடிக்க அவர்களே எடுத்திருக்கலாம் இல்லையா?

அப்போதுதான் அந்தக் கம்பியைப் பார்த்தேன்.

முதல் மாதிரி போர்டில், மீட்டர் வைத்துக் கரண்ட் அளப்பதற்காக எல்.இ.டி. வரிசைக்கு முன்னால் ஒரு சின்ன இணைப்புக் கம்பி போட்டிருந்தேன். அளந்து முடித்ததும் அதற்கு வேலை இல்லை. நாங்கள் விற்கும் போர்டில் அது கிடையாது. ஆனால் பேட்டன்ட் டிராயிங்கிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். அங்கே அது பதினேழாம் எண்.

முயலுக்குள் அந்தக் கம்பி இருந்தது. எதற்கென்று தெரியாமலேயே யாரோ ஒருவர் அதை அளவாக வெட்டி, வளைத்து, சுத்தமாகச் சால்டர் செய்திருந்தார். மிச்சம் பிடிக்கிறவர் அதைத்தான் முதலில் எடுத்திருப்பார். இவர் ஒன்றையும் எடுக்கவில்லை. ஒன்றையும் சேர்க்கவுமில்லை. நான் வரைந்தது வரைந்தபடி செய்திருக்கிறார்.

ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். வேறு எந்தப் பார்ட்டை விட்டிருந்தாலும் இந்த விளக்கு எரிந்திருக்காது, எரிந்தாலும் மங்கியிருக்கும். அப்படிப்பட்ட விளக்கைக் குப்பையில் போட்டிருப்பார்கள். யோசித்து யோசித்து, நேர்மையாக இருக்க வேண்டும் என்று, மங்காமல் எரியும்படியான ஒன்றை நான்தான் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஷாக் அடிக்கும்னு தெரிஞ்சேவா விட்ட?" என்றார். நான் அழுததும், "சரி விடு, நான் கேக்கல," என்றார்.

5. ஸ்பீக்கரில்

மறுநாள் முயலின் போர்டை முதலாளி மேஜையில் வைத்தேன். பதினேழாம் எண் கம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சிக்கிட்டானா! அம்மணி, இதவிட என்ன சாட்சி வேணும்? இழுத்துப்போடலாம் கோர்ட்டுக்கு."

பிறகு தையல் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குது? அதச் சொல்லு மொதல்ல."

"நல்லா இருக்கறாளுங்க சார். ஆனா அந்த டிராயிங்கத் திருத்தணுங்க. பிளீடரச் சேர்க்கணும்."

சென்னையில் இருக்கும் எங்கள் பேட்டன்ட் ஏஜென்டை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மா நிதானமாகப் பேசினார். "ஃபைல் பண்ணதுக்கு அப்புறம் புதுசா ஒரு பார்ட்டைச் சேர்க்க விடமாட்டாங்க சார். இருக்கறதைத் தெளிவுபடுத்தலாம், இல்லாததைக் கொண்டு வர முடியாது. அதுவும் வேணும்னே விட்டோம்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, முழுசாச் சொல்லலைங்கற காரணத்துக்கே பேட்டன்ட் போக வாய்ப்பிருக்கு. யார் விட்டது?"

முதலாளி போனை வைத்தார்.

"இந்த ஒரு வெளக்குலதான் இங்க இருவது பேரு சோறு திங்கறாங்க. நீயுந்தான். திருடிச் செய்யறவனுக்கு நாம பாடம் எடுக்கோணுமா?"

"திருடினவருக்கு ஷாக் அடிக்கலீங்க சார். என்ற புள்ளைக்கு அடிச்சுது."

"நான் ஒரு பார்ட்ட விடுன்னுதான் சொன்னேன். எதுன்னு சொன்னனா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உண்மை என்பதால் சாதாரணமாகவே சொன்னார். நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

6. அலமாரி

சனிக்கிழமை கடைவீதியில் அந்தக் கடைக்குப் போனேன். அலமாரியில் பதினோரு முயல்கள் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டேன்.

"ஏனுங்க அம்மணி, ஸ்கூல் ஆண்டு விழாவுங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். பிளக்கின் இரண்டு பின்னையும் தொட்டால் அடிக்கும், என் மகளுக்கு அடித்துவிட்டது, செய்பவரின் விலாசம் வேண்டும் என்றேன்.

"பொட்டில அட்ரஸ் இல்லீங்களே. ஒருத்தர் டெம்போவுல கொண்டாந்து எறக்கிட்டுப் போவாருங்க. இது வரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் இல்லீங்க. கரண்ட்டுன்னா கொஞ்சம் சுருக்குன்னுதானுங்க இருக்கும்."

டெம்போக்காரர் வந்தால் கொடுக்கும்படி என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். பதினொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் ரெசிஸ்டரைச் சால்டர் செய்தேன். ஒவ்வொன்றையும் செருகிப் பிடுங்கி மீட்டரில் பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தக் கடையைத் தாண்டும்போது பார்த்தால் அலமாரி நிறைய முயல்கள். மேல் தட்டிலும் இருந்தன.

"வாங்க அம்மணி! உங்க நம்பரத் தேடறேன், எங்கியோ வெச்சுப்போட்டனுங்க. நீங்க வாங்கிட்டுப் போனத டெம்போக்காரருகிட்டச் சொன்னனுங்க. நல்லா ஓடுதுன்னு ரெண்டு பொட்டி சேத்து எறக்கிட்டாரு."

ரோட்டோரமாக அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துத்தான் நகர்ந்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஐ.சி. நம்பரைத் தேய்க்கச் சொன்னால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடம் என்பது நம் போர்டு அல்ல. அது வெளியே போய்விட்டால் யாரோ ஒருவர் அதை நம்பி, கோடு தவறாமல் செய்வார். ஆள் மேல் கரண்ட் படாமல் காக்கும் பார்ட்டை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை. யார் சொன்னாலும் இல்லை.

அந்த டிராயிங்கைப் பார்த்து விளக்கு செய்கிறவர் இதைப் படிப்பாரா என்று தெரியாது. படித்தால், அவருக்கு: கரண்ட் உள்ளே நுழைந்ததும் இருக்கும் முதல் கெப்பாசிட்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு மெகா ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். அது இல்லாமலும் விளக்கு எரியும். இருந்தாலும் போடுங்கள். பதினேழாம் எண் கம்பி தேவையில்லை, அந்த இரண்டு முனையையும் போர்டிலேயே நேராகச் சேர்த்துவிடலாம்.

பேட்டன்ட் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். விட்டது நான்தான், வேண்டுமென்றே விட்டேன் என்று அதில் இருக்கிறது. இரண்டு வாரமாக என் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில், கிடக்கிறது. அனுப்பினால் பேட்டன்ட் போகலாம், என் வேலையும் அந்த இருபது பேர் வேலையும் போகலாம். டிராயிங் அப்போதும் நெட்டிலிருந்து போகாது, முயல் வருவதும் உடனே நிற்காது. அனுப்பாவிட்டால், டிராயிங்கில் ஒரு பார்ட் குறைகிறது என்று எந்தப் பதிவிலும் இருக்காது, நாளைக்கு இன்னொரு வீட்டில் ஒரு குழந்தை ஸ்டூல் மேல் ஏறும்.

எங்கள் முயலுக்கும் ரெசிஸ்டர் போட்டுவிட்டேன்; ஆனாலும் மித்ரா அந்த விளக்கின் பக்கம் போவதில்லை. "இன்னும் கடிக்குமாம்மா?" என்று கதவருகே நின்று கேட்கிறாள். நம் வீட்டு முயல் கடிக்காது என்று சொல்கிறேன்.

நீங்கள் டிராயிங்கில் கையெழுத்துப் போடுகிறவராக இருந்தால், அல்லது வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், சொல்லுங்கள். யாரிடம் முதலில் போவது? இங்கே எழுதியது போதுமா, அந்தக் கடிதத்தையும் அனுப்பிவிடட்டுமா?