மூடி வைத்த சோறு

பாட்டுக்குப் பொருள் சொல் என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வேர்த்துவிடும். பக்கத்து வீட்டுப் பெண் தமிழ்ப் புத்தகத்தோடு வந்தால், அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிடுவேன். நான் படித்ததே ஐந்தாவதுதான். ஆனால் காரணம் அது இல்லை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து சார் திருப்பாலைவனத்துக்காரர். நெல் விளையும் ஊர். பிரம்பைத் தொடமாட்டார், கேள்விதான் கேட்பார். எனக்குப் பிரம்பே தேவலை என்று இருக்கும். வகுப்பில் நான் வாய் திறந்து பேசினதே கிடையாது.

அன்றைக்கு அவர் கரும்பலகையில் ஒரு பாட்டு எழுதினார். அவரே கட்டினதாகத்தான் இருக்கும்.

கரையில் ஒரு விளக்கு எரிகிறது,
கடலில் படகைக் காணவில்லை,
அவள் சோற்றை மூடி வைத்தாள்,
மூடிமேல் கையை வைத்தாள்.

முந்தின நாள் விடியலில் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போன நைனா, மத்தியானம் திரும்ப வேண்டியவர், அதுவரை கரை சேரவில்லை. தெற்குக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் குப்பத்தில் ஆள் கடலில் இருக்கும்போது 'வரல' என்ற சொல்லை வீட்டுப் பெண்கள் வாயில் எடுக்கக் கூடாது. யார் கேட்டாலும் 'வந்துனு கீறாரு' என்றுதான் சொல்ல வேண்டும். சொல் தவறினால் ஆள் தவறிப்போகும் என்று பயம். காலையில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்றதற்கு அம்மா, "ஏன், இன்னா ஆயிடுச்சு இப்போ? போடி" என்று மண்டை வலிக்கிற மாதிரி இழுத்துப் பின்னி அனுப்பியிருந்தாள்.

"சோத்த ஏன் மூடி வச்சா?" என்று சார் கேட்டார்.

"ஈ மொய்க்கும் சார்."

"பூன துன்னுடும் சார்."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டு என்னை எழுப்பினார். "நீ சொல்லும்மா. படகு வந்துச்சா, வரலையா?"

விடை பலகையிலேயே இருந்தது. அதைச் சொன்னால் போதும், உட்கார்ந்துவிடலாம். நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து ஒருவன், "இன்னா, தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சா?" என்றான்.

"வந்துனு கீது சார்" என்றேன்.

"அப்படி எந்த வரியில இருக்கு? நல்லாப் பார்த்துச் சொல்லு."

நான் மறுபடியும் அதையே சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர்களும் கடலுக்குப் போகிறவர்கள் பெற்ற பிள்ளைகள்தானே. பக்கத்தில் இருந்தவள் மெதுவாக எழுந்து, "சார், அவங்க நைனா கடல்ல கீறாரு சார்" என்றாள்.

சாரின் முகம் என்னவோ போல ஆகிவிட்டது. திரும்பி, இரண்டாவது வரியை வெறுங்கையாலேயே அழித்தார். நல்ல மனுஷர், எனக்காகத்தான் அழித்தார். நான் பார்த்ததோ வேறு. படகு என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது வெள்ளையாக ஒரு தீற்றல்தான் இருந்தது. கடலில் இருந்ததையும் இவர் துடைத்துவிட்டார் என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். சுடுமணலில் எப்படி ஓடினேன் என்று தெரியாது.

வீட்டு வாசலில் கூட்டம். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. கூட்டம் என்றால் எங்கள் பக்கம் இரண்டில் ஒன்றுதான்: ஆள் வந்திருக்கும், இல்லை சேதி வந்திருக்கும். கிட்டே போகப் பயந்துகொண்டு வேலி ஓரமாகவே நின்றேன். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. பீடி இருமல். நைனாவுடையது.

காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போய், ஆந்திரா பக்கம் ஒரு குப்பத்தில் ஒதுங்கினாராம். "அந்த ஊரு கொழம்பு காரம் தாங்கலடி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

அம்மா அவருக்குப் புதிதாக உலை வைத்து வடித்துப் போட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, மூலையில் தட்டு போட்டு மூடியிருந்த பானையைத் திறந்தாள். முந்தின நாள் சோறு. மிஞ்சிய சோற்றுக்கு இருட்டினதும் தண்ணீர் ஊற்றி வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். அதோடு அன்றைய சாப்பாடு முடிந்தது, இனி சாப்பிட வருகிறவர் யாரும் இல்லை என்று அர்த்தம். அம்மா ஊற்றியிருக்கவில்லை. சோறு ஊசிப்போய் நூல் விட்டது. அதை நின்றபடியே அள்ளி அள்ளித் தின்றாள்.

தண்ணீர் ஊற்ற மறந்துபோனாள், அம்மாவுக்கு ஊசின சோறு என்றால் பிரியம் போலிருக்கிறது, என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.