குதிரையில் காட்டு

பெங்களூரில் வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு குதிரையேற்றப் பள்ளி. அங்கே நான் சைஸ், அதாவது குதிரைக்காரன். குதிரையைத் தேய்ப்பது, லத்தி அள்ளுவது, சேணம் கட்டுவது, அபார்ட்மெண்ட் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டம் சுற்றுவது, எல்லாம் என் வேலை. ஏறுவது மட்டும் என் வேலை இல்லை. மெம்பர்கள் பார்க்க சைஸ் குதிரைமேல் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். குட்டியாக வந்ததிலிருந்து நான் வளர்த்த செம்பழுப்புப் பெட்டைக் குதிரை ஒன்று உண்டு. அதன் முதுகைத் தினமும் தேய்ப்பவன் நான். அதில் உட்கார்ந்தவர்கள் யார் யாரோ.

போன வருஷம் உதவிப் பயிற்சியாளர் வேலை ஒன்று காலியானது. பூட்ஸ் கொடுப்பார்கள், வாட்ச்மேனைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் ஹிந்தியில் பையா என்கிற பிள்ளைகள் சார் என்று கூப்பிடுவார்கள், பட்டப்பகலில் எல்லார் முன்னாலும் பெட்டைமேல் ஏறலாம். எனக்குச் சம்பளம்கூட இரண்டாம்பட்சம்தான். பள்ளியை நடத்தும் மேடத்திடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"கொடுக்கலாம்ப்பா, தொந்தரெ இல்ல. ஆனா பார்ட்ஸ் பேரெல்லாம் கரெக்டா தெரியணும். பேரன்ட்ஸ் கேப்பாங்கல்ல? எக்ஸாமினர் வருவார், பாஸ் பண்ணு" என்றார்.

ஆபீஸ் சுவரில் தொங்கிய குதிரைப் படத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டேன். வீடு இருக்கும் நீலசந்திராவிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றபடியே அதைப் பார்த்து முனகிக்கொண்டு வருவேன். பின்னங்காலில் இத்தனை காலம் நாங்கள் முட்டி என்று சொல்லிவந்தது முட்டியே இல்லையாம். அது கணுக்கால், பேர் ஹாக். நிஜ முட்டி மேலே வயிற்றை ஒட்டி ஒளிந்திருக்கிறது, அது ஸ்டைஃபிள். கழுத்தும் முதுகும் சேரும் மேடு விதர்ஸ். குளம்புக்கு அடியில் ஒரு தவளை வேறு குந்தியிருக்கிறது, ஃப்ராக். வெள்ளைக்காரன் எந்த மப்பில் பேர் வைத்தானோ.

மனதில் நிற்பதற்காக என் உடம்பையே தொட்டுத் தொட்டுப் படித்தேன். நோய்களும் பாடத்தில் உண்டு. ஒருநாள் சாப்பாட்டின் நடுவே என் கணுக்காலைத் தட்டி, "ஸ்பாவின், எலும்பு வளர்ற நோய், எடம் ஹாக்" என்று ஒப்பித்தேன். என் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"ஏங்க, நோவப் போயி ஒடம்புல வெச்சிக் காட்டுவாங்களா? தொடச்சி விடுங்க மொதல்ல!"

துடைத்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் லாயத்திலும் அதே வழக்கம்தான். நோயின் பேரைச் சொல்லிக்கொண்டு நல்ல குதிரைமேல் எந்த சைஸும் கை வைக்கமாட்டான். வேறு குதிரைக்கு வந்ததைப் பற்றிப் பேசினால் காற்றில்தான் காட்டுவோம்.

பரீட்சை வைக்க வந்தவர் பட்டாளத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டையை நடு மைதானத்தில் நிறுத்தினேன். அவர் கேட்கக் கேட்கத் தொட்டுச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மேடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பூட்ஸ் காலில் ஏறிவிட்ட மாதிரியே இருந்தது எனக்கு.

"ஸ்பாவின் எங்கே வரும்? டச் பண்ணிக் காட்டு" என்றார் அவர்.

பெட்டை காதைத் திருப்பி என் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது. என் கை ஹாக் வரைக்கும் போனது. வைக்க வரவில்லை. குனிந்து, பேண்ட்டைத் தூக்கி, என் கணுக்காலைத் தொட்டேன். "இங்க சார், ஹாக்."

அவர் சிரித்தார். மேடமும் சிரித்தார். "உன் கால் யாருக்கு வேணும்? குதிரையில் காட்டு" என்று எக்ஸாமினர் மறுபடி கேட்டார். மறுபடியும் என் காலையே தொட்டேன். காரணம் சொல்ல வாயைத் திறந்தேன். அதை எந்த பாஷையில் சொன்னால் அவருக்குப் புரியும்? ஊமை கண்ட கனவாகப் போயிற்று. "ஹி இஸ் கன்ஃப்யூஸ்ட்" என்று மேடத்திடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்தது ஒரு மெம்பரின் மகள், காலேஜ் முடித்த பெண். பிரம்பால் பெட்டையின் உடம்பெல்லாம் தட்டித் தட்டி, வாயில் வந்த நோயையெல்லாம் அதன்மேல் வைத்துக் காட்டினாள். எல்லாம் சரி. வேலை அவளுக்குப் போனது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

பெட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணுக்காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. "சாமி காப்பாத்திடுச்சி" என்றாள் என் மனைவி. எதிலிருந்து என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அந்த மெம்பர் மகள்தான் வகுப்பெடுக்கிறாள். பெட்டை மைதானத்தில் நிற்கும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்பேன். போன வாரம் ஒரு சிறுமி பிரம்பை வாங்கிக்கொண்டு வாலிலிருந்து தொடங்கினாள். ஹாக், ஸ்டைஃபிள், விதர்ஸ் என்று தடுமாறாமல் சொல்லிக்கொண்டே முகத்துக்கு வந்தாள். கடிவாளம், கயிறு என்று தொட்டுக்கொண்டே போன பிரம்பு, கயிறு முடிகிற இடத்தில் என் கைமேல் வந்து நின்றது. சிறுமி யோசித்தாள்.

"மிஸ், இதுக்குப் பேர் என்ன?"

"அது சும்மா பையாடா, கண்ணா. அது லெசன்ல வராது" என்றாள் அவள். "மத்தது எல்லாம் கரெக்ட். கிளாப் பண்ணுங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள். சத்தம் கேட்டால் பெட்டை மிரளும். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.