சந்திரகலாவின் சுருட்டை

சந்திரகலாவுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. வாரினால் சீப்பின் பல் உடையும். இடுப்பு வரை வரவேண்டிய பின்னல் தோளோடு நின்றுவிடும். வேங்கிக்காலில் விவசாயம் செய்த அவளுடைய அப்பா அருணகிரி அதைப் பெரிதாக நினைத்ததில்லை. 1978இல் பெண் பார்க்க வந்தவர்கள் நினைத்தார்கள். இரண்டாவதாக வந்த அம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “பொண்ணு லட்சணம்தான். தலதான் பரட்டையா இருக்குது” என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷமே அவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பயிற்சிக்கு மெட்ராஸ் போனபோது, ஹாஸ்டலில் கூட இருந்தவள் புரசைவாக்கத்தில் ஒரு மாடி பார்லருக்கு அழைத்துப் போனாள். கண்ணைக் கரிக்கும் வெள்ளை மருந்தை முடியில் தடவி, இழுத்து இழுத்து வாரி, அலசிவிட்டார்கள். கண்ணாடியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் அவள் கை தலையை விட்டு இறங்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் பலராமன் வீட்டார். செங்கம் ரோட்டில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தான். அவன் அம்மா கன்னியம்மாள் பின்னலைத் தூக்கிப் பார்த்து, “முடி நல்லா தழையத் தழைய இருக்குது” என்றாள். மருந்து விஷயத்தைப் பெண் வீட்டில் யாரும் சொல்லவில்லை. 1979இல் கல்யாணம் முடிந்தது.

மருந்தின் வேலை மூன்று மாசம்தான். அப்புறம் வேரிலிருந்து சுருள் கிளம்பும். வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, குளியலறையில் முன்நெற்றி முடியை நனைத்துப் படிய வாரிக்கொள்வாள். தூறலில் வெளியே போகமாட்டாள். கிரிவலம் போனால் வியர்வை கழுத்தில் இறங்கும்போதெல்லாம் கை தானாகப் பிடரிக்குப் போகும். நாலு மாசத்துக்கு ஒருதடவை பல் டாக்டரைப் பார்க்க என்று சொல்லி மெட்ராஸ் பஸ் ஏறினாள்.

“இன்னும் எத்தன பல்லுதான் பாக்கப் போற?” என்று பலராமன் கேட்டால் வாயை மூடிக்கொண்டே சிரிப்பாள்.

1981இல் அருணா பிறந்தாள். ஒரு வயதில் குழந்தையின் தலை முழுக்கச் சுருள். “நம்ம வீட்ல யாருக்கும் இல்லியே, இது யாரு ஜாடை?” என்று கன்னியம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். சந்திரகலா அடுப்படிக்குள் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நேராக வளரட்டும் என்று மூன்று வயதில் குழந்தைக்கு இரண்டாவது மொட்டை போட்டார்கள். முன்னைவிட அடர்த்தியாகச் சுருண்டு வந்தது.

1986இல் நாத்தனார் கல்யாணம். ஊரே பார்க்கும் என்ற பயத்தில், “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்று பார்லர்காரியிடம் அவளாகவே கேட்டாள். உச்சி எரிந்தது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தலையில் கொப்புளங்கள். வேலையில் ஹெட்போன் பட்டை சரியாக அங்கேயே அழுத்தியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. புண்ணைப் பார்த்த லேடி டாக்டர், “இனிமே அந்த மருந்தத் தொடாதீங்க. அந்த எடத்துல முடியே வராமப் போயிடும்” என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தவள் இரண்டு மாசத்தில் மறுபடி மெட்ராஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். செஞ்சியில் பஸ் நின்றது. உச்சியில் காய்ந்திருந்த பொருக்கை விரல் தொட்டது. என்ன நினைத்தாளோ, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது. செஞ்சியில் அவளுக்கு யாரையும் தெரியாது. ஒரு மணி நேரம் நிற்பதும் நடப்பதுமாக இருந்துவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் திரும்பினாள்.

வீட்டில் கன்னியம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், “இந்த மாசமே புள்ளைக்கு இன்னொரு மொட்ட போட்டுடணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அருணா இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எழுந்து போகும்வரை சந்திரகலா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“அத்த, மொட்ட வேணாம். எத்தன தடவ போட்டாலும் இப்படித்தான் வரும். அது என் முடி.”

“என்னா சொல்ற?”

கொண்டையை அவிழ்த்து, ஜன்னல் பக்கம் குனிந்து வகிடு எடுத்துக் காட்டினாள். “என்னுது சுருட்டைங்க. கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே மெட்ராஸ்ல மருந்து போட்டு நேராக்கிக்கினு வரேன்.”

“அப்ப எங்கள ஏமாத்திட்ட.”

“ஆமாங்க அத்த.”

பலராமன் திட்டவில்லை. நாலு நாள் பேசவும் இல்லை. ஐந்தாம் நாள் சாப்பிடும்போது சொன்னான்: “பல் டாக்டருன்னு சொன்னியே. ஒனக்குக் கடிக்க முடியாதேன்னு நான் முறுக்கு வாங்கறதயே வுட்டுட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் சிரிக்கவில்லை. “முடிக்காகச் சொல்லல சந்திரா. ஏழு வருஷமா எங்கிட்ட சொல்லணும்னு ஒனக்குத் தோணவே இல்ல பாரு” என்றான்.

“தெனமும் தோணுச்சுங்க,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் பட்டது அதிகம். மேலே சுருள், கீழே நார் மாதிரி நேர்முடி. இரண்டும் சேருமிடத்தில் பின்னல் அறுந்துகொண்டே இருந்தது. வேலையில் எல்லாரும், “ஒடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தார்கள். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்தாள். 1988இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பலராமனின் கடைக் கத்தரிக்கோலை எடுத்து, நேர்முடியை முன்பக்கமிருந்து வெட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பலராமன், “பின்னாடி ஒனக்கு எட்டாது, குடு” என்று வாங்கிப் பிடரியில் கோணலும் மாணலுமாக வெட்டிவிட்டான்.

“திருப்பதியாம்மா?” என்று தெருவில் கேட்டவர்களுக்கு, “இல்லைங்க, நாங்களே வெட்டினோம்” என்றாள். வீட்டுக்காரன் இருக்கிறவள் முடியை வெட்டுவதா என்று கன்னியம்மாள் பல மாசம் அவளோடு கோயிலுக்கு வரவில்லை. கை பிடரிக்குப் போகும் பழக்கமும் லேசில் போகவில்லை. அங்கே தொட எதுவும் இல்லாமல் அது பாதியில் நிற்கும்.

சுருள் தோளைத் தொட்ட சமயத்தில் ஒருநாள் குளியலறை மாடத்தில், அரைத்த செம்பருத்தி இலை கிண்ணத்தில் இருந்தது. “யாரு அரைச்சது?” என்று சந்திரகலா கேட்டாள்.

“சீக்கிரம் தேச்சிக்க. காஞ்சிடும்,” என்று கன்னியம்மாள் கூடத்திலிருந்து சொன்னாள்.

சந்திரகலா தனக்குப் பாதி தேய்த்துக்கொண்டு, மீதியை அருணாவின் தலையில் வழித்தாள். கண்ணில் பட்டு மகள் போட்ட கூச்சலில், கடைக்குக் கிளம்பிய பலராமன் செருப்போடு உள்ளே ஓடி வந்தான்.