ஒரு டம்ளருக்கு ஒரு பாக்கெட்

எங்கள் மகளுக்கு இரண்டரை வயதில் வந்த வயிற்றுப்போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். பயமெல்லாம் அப்புறம்.

அப்போது நான் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பாகங்களைப் பூட்டும் லைனில் நின்று வேலை பார்த்தேன். கணவருக்கு ஒரகடத்தில் வேலை. எனக்கு முதல் ஷிப்ட் என்றால் அவர் கெஞ்சிக் கூத்தாடி இரண்டாவது ஷிப்ட் வாங்கிக்கொள்வார். அவர் கிளம்பி நான் வந்து சேருவதற்குள் குழந்தை இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டில் இருக்கும். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை நான் வந்து தூக்கியபோது உடம்பு அனலாகக் கொதித்தது. சாயங்காலத்துக்குள் ஐந்து தடவை தண்ணீராகப் போனாள். குடித்த பாலையெல்லாம் என் தோளிலேயே கக்கினாள். தெருமுனைக் கிளினிக்கில் காய்ச்சல் மருந்தோடு நாலைந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் தந்தார்கள். "ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கினே இரும்மா" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைப் போய் யாராவது கேட்பார்களா? வெயில் காலத்தில் கம்பெனியில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய இதே மாதிரி ஆரஞ்சு நிறப் பாக்கெட் வைத்திருப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பாக்கெட், கலக்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டு லைனுக்கு ஓட வேண்டும். அவர் கம்பெனியிலும் அப்படித்தான். அன்று ராத்திரி நானே ஒரு டம்ளர் கலந்து ஊட்டினேன். முகத்தைச் சுளித்தாள். உடம்பு சரியில்லாத குழந்தை எதற்குத்தான் சுளிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு கேட்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"லைன்ல ஏற்கெனவே ரெண்டு பேரு வரலம்மா. உன் வூட்டுக்காரர் காலைல வூட்லதான இருப்பாரு? அப்புறம் இன்னா?"

அப்புறம் இன்னாவாம்! ஆனாலும் விடிவதற்கு முன்னால் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கிளம்பும்போது கணவரை எழுப்பிச் சொன்னேன். "ஒரு டம்ளருக்கு ஒரு பாக்கெட். கம்பெனில குடிக்கிறோமே, அதே மாதிரிதான். தண்ணி கேட்டா இதையே குடு."

எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் கேட்டுக்குப் போன் செய்வார்கள். கேட்டில் இருப்பவர் சூப்பர்வைசருக்குச் சொல்வார், சூப்பர்வைசர் நமக்குச் சொல்வார். அன்றைக்கு என் கணவர் போன் செய்தது ஒன்பதரைக்கு. சூப்பர்வைசர் என்னிடம் வந்தது பன்னிரண்டு மணிக்கு.

"உன் வூட்டுக்காரர் போன் பண்ணாராம்மா. கொழந்தைய பெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறாராம்."

"எப்ப சார் பண்ணாரு?"

"காலைலயே. உன் எடத்துக்கு ஆள் வராம எப்டிம்மா உன்ன அனுப்புறது?"

இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் நான் மும்முரமாக ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். லைனில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "உங்க கொழந்தையா இருந்தா இப்டித்தான் பண்ணுவீங்களா சார்?" அவர் கேட் பாஸை நீட்டினார். ஷிப்ட் முடியும் முன்னால் வெளியே வந்தால் கம்பெனி பஸ் கிடையாது. நெடுஞ்சாலை வரை ஓடி, ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனேன்.

குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் குழிவிழுந்து, உதடு வெடித்துக் கிடந்தாள். அழுதாள், கண்ணீர் வரவில்லை.

நர்ஸ் கேட்டார். "ஓ.ஆர்.எஸ். எப்டி கலந்தீங்க?"

"டம்ளருக்கு ஒரு பாக்கெட் சிஸ்டர்" என்றார் கணவர்.

"ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு பாக்கெட்டுங்க! இவ்ளோ உப்பா குடுத்தா கொழந்த தாங்குமா? வயித்தால போறது இன்னும்தான் அதிகமாவும். கவர்லயே தமிழ்ல போட்டுக்கீதே, படிக்கலியா?"

குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று அழ அழ, அவர் இன்னொரு டம்ளர் அதையே கலந்து கொடுத்திருக்கிறார்.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது? படிச்சுப் பாக்கத் தெரியாதா உனக்கு?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

அவர் குழந்தையின் காலைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார். "நீ சொன்ன மாதிரிதான் கலந்தேன்."

மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வாரம் நான் வேலைக்குப் போனேன்.

எங்கள் லைனில் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தாள் மாட்டியிருக்கும். எந்த ஸ்குரூ, எத்தனை சுற்று, எல்லாம் படம் போட்டிருக்கும். கீழே 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற இடத்தில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். நான் சேர்ந்த நாளிலிருந்து போட்டிருக்கிறேன். ஒருநாளும் படித்ததில்லை. அன்றைக்கு முதல் வரியிலிருந்து படித்தேன்.

"இன்னாம்மா, தெனம் பாக்கறதுதான? சைன் பண்ணு, லைன் நிக்குது" என்றார் சூப்பர்வைசர்.

தாளை முடித்துவிட்டு, லைன் தொடக்கத்தில் மாட்டியிருந்த சூப்பர்வைசர்களுக்கான தாளையும் போய்ப் படித்தேன். ஐந்தாவது வரி: பணியாளரின் வீட்டிலிருந்து வரும் அவசரச் செய்தியை உடனே அவரிடம் தெரிவிக்க வேண்டும். கீழே 'படித்துப் புரிந்துகொண்டேன்'. அதன் பக்கத்தில் அவர் கையெழுத்து, அன்று காலையில் போட்டது.

அந்த வரியில் விரலை வைத்து, "இத படிச்சீங்களா சார்?" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இல்லம்மா" என்றார்.

ஒரு வாரமாக அந்த மனிதரைக் கேட்பதற்கென்று நாக்கில் எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்க முடியவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.