மாடிப்படியும் செல்வமாரியின் முன்பற்களும்

கோவில்பட்டியில் நாங்கள் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டுவதற்குச் செல்வமாரியை விட்டால் ஆள் கிடையாது. பிறவியிலேயே அவளுக்குக் கால்கள் வராது, வலது கை மடங்கியே இருக்கும். நூலின் ஒரு முனையை முன்பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுவாள். பேச்சு குழறும். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் புரிந்துவிடும். அந்தப் பொறுமைதான் இந்த ஊரில் ஒருத்தருக்கும் இல்லை. மற்றபடி, வம்பு பேசுவதில் என்னையே மிஞ்சுவாள். வயது முப்பத்திநான்கு.

போன மாசி மாதம் அவளுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று வலியெடுத்துத் தாடை வீங்கிவிட்டது. அவள் அண்ணன் சுடலைராஜ் ஒரு தனியார் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். துணைக்கு நானும் போனேன். ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை, சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலி போக வழி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. அதை யார் மதிக்கிறார்கள்? சுடலைராஜ் அவளை மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். கீழே நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

டாக்டர் அவள் வாயைப் பார்த்தார். பேசியது சுடலைராஜிடம்.

"ஒரு பல்லுதான் கெட்டிருக்கு. பக்கத்துல உள்ளதும் பின்னால கெடலாம். ஒவ்வொரு தடவையும் இவங்களத் தூக்கிட்டு மாடி ஏற முடியுமா? மயக்க மருந்து குடுத்து முன்பல்லு எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்துருவோம். நீங்க கையெழுத்துப் போடுங்க."

படிக்கட்டு இருக்கிறதாம், அதனால் பல்லைப் பிடுங்குகிறாராம்!

"வேண்டாம்" என்றாள் செல்வமாரி.

"வலியில என்னமோ சொல்லுறாங்க" என்றார் டாக்டர்.

"வேண்டாங்குதா, டாக்டர். அந்தப் பல்லுதான் அவளுக்குக் கையி" என்று கத்தினேன்.

"நீங்க சும்மா இருங்கம்மா. சொந்தக்காரங்க சம்மதிச்சாப் போதும்."

போதாது. வயது வந்தவள், நல்ல புத்தியோடு இருப்பவள். அவள் வாய்க்கு அவள்தான் சம்மதம் சொல்ல வேண்டும். உடம்பு ஊனம் என்பதற்காக அந்த உரிமை அண்ணனுக்குப் போகாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள், பெரியவர்கள் சொன்னால் தட்டாத எங்கள் ஊர்ப் பழக்கத்தில், சுடலைராஜ் கையெழுத்தைப் போட்டுவிட்டான்.

செல்வமாரி குனிந்தாள். மேசையில் இருந்த அந்தச் சம்மதத் தாளை முன்பல்லால் கவ்வினாள். இடது கையால் பிடித்து நீள வாக்கில் கிழித்தாள். வலியில் கண்ணீர் வழிந்தது. "ஒண்ணு மட்டும்" என்றாள். இந்தத் தடவை டாக்டருக்கும் புரிந்தது.

"அப்ப வேற இடம் பாத்துக்கோங்க" என்றார் அவர்.

"பாத்துக்கிடுதோம். பெரியாஸ்பத்திரில கீழயே பல்லு டாக்டர் இருக்காவ" என்றேன்.

சுடலைராஜ் முகம் சிவந்து, அவளைத் தூக்கக் கை நீட்டினான். அவள் இடது கையால் அவன் நெஞ்சில் தள்ளினாள்.

"மொதல்ல என்கிட்ட கேளு."

அவன் என்னைப் பார்த்தான். நான் கையால் அவளைக் காட்டினேன். அவள் பக்கம் திரும்பி, "தூக்கட்டுமாட்டி?" என்றான்.

அவள் பிறந்ததிலிருந்து தூக்கிச் சுமக்கிறான். கேட்டது அன்றைக்குத்தான்.