அப்பா வாங்காத கை

என் அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. நான் இடது கையால் எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டார், அவ்வளவுதான். செம்புத் தண்ணீரை நீட்டினால் நான் கையை மாற்றும்வரை தாகத்தோடு நின்றுகொண்டிருப்பார். வெயிலில் சாமைக் காட்டிலிருந்து வந்த மனுஷனுக்கு என்ன வீம்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான். அவருடையது சத்தம் போடாது, என்னுடையது ஊரைக் கூட்டும்.

அப்படியே சோறும் எழுத்தும் வலது கைக்குப் போய்விட்டன. விளையாட்டு விடுதியில் குத்துச்சண்டைக்குச் சேர்ந்தபோது, எந்தக் கையால் சாப்பிடுவீர்கள் என்று பயிற்சியாளர் மேடம் கேட்டார். எங்கள் மலையிலிருந்து போன பெண்கள் எல்லோரும் வலது கையைத் தூக்கினோம். சாப்பிடுவதற்கு வேறு கையும் உண்டா என்ன? வலது கைக்காரர்கள் நிற்கிறபடி எல்லோரையும் இடது காலை முன்னால் வைத்து நிறுத்திவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி நின்று அடி வாங்கினேன். மூக்கு வீங்கியதுதான் மிச்சம்.

ஒருநாள் விடுதிச் சமையல்கட்டுக்குள் புகுந்த குரங்கை நான் கல் விட்டெறிந்து துரத்தியதை மேடம் பார்த்துவிட்டார். கல் போனது இடது கையிலிருந்து. உடனே கூப்பிட்டு, வலது காலை முன்னால் வைத்து நிற்கச் சொன்னார். வலது கை முன்னே. இடது கை தாடைக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். அது கிளம்பிய முதல் தடவையே எதிரில் நின்றவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. என் கையை எனக்கே தெரியாமல் வைத்திருந்தாரே என்று அப்பாமேல் ஆத்திரமாக வந்தது.

இடது கை ஆட்டக்காரி என்றால் யாருக்கும் பிடிக்காது. இரண்டு பேரும் முன்னால் வைத்த கால்கள் இடித்துக்கொள்ளும். குத்து எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாது. பீச்சாங்கை வந்துட்டாடி என்று பெண்கள் முனகுவார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. மாநிலப் போட்டியில் வெண்கலம் வாங்கினேன்.

பதக்கத்தோடு அமிர்தி வழியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். வேண்டுமென்றேதான் அப்பாவிடம் அதை இடது கையால் நீட்டினேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அந்தக் கையிலிருந்து அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். புளி உடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். சிரித்த முகம்தான். ஆனால் கையை நீட்டவில்லை.

“கைய மாத்தும்மா.”

“இந்தக் கைதாம்பா ஜெயிச்சுது.”

நான் மாற்றவில்லை. பதக்கத்தை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

பிறகு அம்மா ஃபோனில் சொன்னார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அப்பா அந்தப் பதக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்க் கடைகடையாகக் காட்டுகிறாராம். அடுத்த போட்டியை வேலூருக்கே வந்து பார்ப்பாராம். என்னிடம் சொன்னால் வாய் வலிக்குமா என்று அம்மாவிடம் கத்தினேன். ஃபோனை வைத்ததும் விடுதி வராந்தாவில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

போட்டிக்கு முன்னாலேயே தகவல் வந்தது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காட்டில் விழுந்திருக்கிறார். ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் அவரோடு எனக்கென்ன சண்டை? அவருக்குப் பிடித்தபடியே வலது கையில் அரிசியை அள்ளினேன். பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சோத்தாங்கை வாணாம்மா. பீச்சாங்கையால போடு.”

எங்கள் வகையறாவில் சாவுக்குச் செய்வதெல்லாம் தலைகீழ். எனக்கு அது தெரியாது. அதுவரை நான் யாருக்கும் வாய்க்கரிசி போட்டதில்லை. எனக்கு முன்னால் போட்டவர்கள் எந்தக் கையால் போட்டார்கள் என்றும் கவனிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரிசியை இடது கைக்கு மாற்றினேன். அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. கைய மாத்துன்னு சொல்லுப்பா, ஒரு தடவை சொல்லு, மாத்திடறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பெரியப்பா என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். அரிசி உதட்டில் பட்டு உள்ளே விழுந்தது. அப்பா வாங்கிக்கொண்டார்.